பழைய லாரி எஞ்சினில் தீராத ஆயில் கசிவு: மூலத்தைக் கண்டுபிடிக்கும் முறை

பழைய லாரி எஞ்சினில் ஆயில் கசிவது புதிய செய்தியல்ல. ஆனால் ஒருமுறை சரிசெய்த பிறகும் சில வாரங்களில் அதே இடத்தில் ஈரம் திரும்பி வருகிறது, சீலை (ஆயில் வெளியேறாமல் அடைக்கும் வளையத்தை) மாற்றியும் தரையில் சொட்டுவது நிற்கவில்லை என்றால், அந்தக் கசிவை வேறு விதமாக அணுக வேண்டும். இப்படிப்பட்ட பிடிவாதமான கசிவுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். ஆயில் சொட்டும் இடத்தையே அது வெளியேறும் இடமாக எடுத்துக்கொண்டு தவறான பாகத்தை மாற்றியிருப்பார்கள்; இல்லையென்றால், சரியான சீலையே மாற்றியிருந்தும், உள்ளிருந்து அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் காற்றழுத்தத்தை யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் முறையாகச் சோதித்து முடிக்கும் வரை புதிய சீல் எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

எஞ்சினை விட்டு வெளியேறும் ஆயில் நேராகக் கீழே விழுவதில்லை. பிளாக்கின் விளிம்புகளையும் போல்ட் தலைகளையும் பற்றிக்கொண்டு வழிகிறது. ரேடியேட்டர் விசிறியின் காற்றும், வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. கடைசியில் எஞ்சினின் தாழ்ந்த, பெரும்பாலும் பின்பக்க மூலையில் சேர்ந்து சொட்டுகிறது. ஆகவே ஈரம் தெரியும் இடங்களுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அதன் அருகில்தான் மூலத்தைத் தேட வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்த பல வண்டிகளில் அதற்கான தேவையே எழாமல் போகும்.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

லாரியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கைப்பிரேக்கை மட்டும் நம்பியோ, ஜாக்கின் மேல் மட்டும் நிற்கும் நிலையிலோ வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது. கேபினைச் சாய்ப்பதாக இருந்தால், அதன் பூட்டும் தாங்குகம்பியும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும். டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜெக்டர் குழாய்களைக் கையால் தடவிக் கசிவு தேடுவது மிகவும் ஆபத்தானது. ஊசித்துளை அளவு விரிசலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. பழகிய எஞ்சின் ஆயில் நீண்ட காலம் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டு என்பதால், கையுறை அணிவதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அது எஞ்சின் ஆயில்தானா?

லாரியின் அடியில் சொட்டக்கூடிய திரவங்கள் பல: எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், கிளட்ச் ஆயில், டீசல், கூலண்ட். இரவில் எஞ்சின் முதல் கியர்பாக்ஸ் வரை அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து, அதன் மேல் முன் அச்சு, சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி), பெல் ஹவுசிங் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள கிளட்ச் உறை) ஆகியவற்றின் இடங்களைக் கோடிட்டு வைத்தால், எந்த இடத்தில் என்ன நிறத்தில் எவ்வளவு விழுகிறது என்பது காலையில் தெரிந்துவிடும். டீசல் எஞ்சின் ஆயில் புகைக்கரி கலந்து கருமையாக இருக்கும். கியர் ஆயில் பிசுபிசுப்பு மிகுந்தது. அதிலுள்ள கந்தகச் சேர்மங்களால் மூக்கில் ஏறும் ஒரு தனி நாற்றம் அதற்கு உண்டு. பவர் ஸ்டீயரிங் ஆயில் மெல்லியது, பல வண்டிகளில் சிவப்பு நிறமானது. கிளட்ச் ஆயில் தண்ணீரோடு கலந்து கழுவப்பட்டுவிடும். எஞ்சின் ஆயில் அப்படிக் கலக்காது.

டீசல் கசிவை ஆயில் கசிவாக எண்ணிவிடும் வாய்ப்பு அதிகம். எஞ்சின் மேல் படிந்திருக்கும் பழைய ஆயில் அழுக்கைக் கரைத்துக்கொண்டு டீசல் கீழே வரும்போது, அதுவும் கறுப்பாகவே சொட்டும். ஒரு துளியை மை உறிஞ்சும் தாளில் விட்டுப் பார்த்தால், ஆயில் நடுவில் கறையாகத் தங்கும். டீசல் இருந்தால் அதைச் சுற்றி வெளிர் வளையம் ஒன்று வேகமாக விரியும். அதே நேரத்தில் ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கையும் பார்க்க வேண்டும். ஆயில் குறையாமல், மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, முகர்ந்தால் டீசல் வாடை வருகிறது என்றால், ஃபீட் பம்பிலோ இன்ஜெக்‌ஷன் பம்பிலோ உள்ள சீல் பழுதடைந்து டீசல் சம்ப்புக்குள் இறங்குகிறது என்று பொருள். மெலிந்துபோன அந்த ஆயில் எல்லாச் சீல்களிலும் எளிதாகக் கசியும், பேரிங்குகளையும் கெடுத்துவிடும். அந்த நிலையில் வெளிக்கசிவைத் தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் டீசல் உள்ளே புகுவதைத் தடுத்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

எந்த நேரத்தில் கசிகிறது?

இதைப் பலர் கவனிப்பதில்லை; ஆனால் தேடும் பரப்பைச் சரிபாதியாகக் குறைக்கக்கூடிய கேள்வி இதுதான். எஞ்சின் ஓடும்போது வேகமாகக் கசிந்து, நிறுத்தியதும் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது என்றால், பம்பின் அழுத்தம் பாயும் பாதையில் பழுது இருக்கிறது: ஃபில்டர், அதன் அடித்தளம், ஆயில் கூலர், பிரஷர் சுவிட்ச், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கும் காற்று கம்ப்ரஸருக்கும் ஆயில் கொண்டுசெல்லும் குழாய்கள் ஆகியவை இந்தப் பாதையைச் சேர்ந்தவை. இரவு முழுவதும் நிற்கும்போதுதான் சொட்டுகிறது என்றால், ஆயில் தேங்கி நிற்கும் பகுதிகளான சம்ப் பேக்கிங் (சம்ப் பிளாக்கோடு சேரும் இடத்தை அடைக்கும் தாள்), டிரெயின் பிளக், கிராங்க் சீல்களின் (எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ளவை) கீழ்ப்பாதி போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் சில நிமிடங்களில் மட்டும் கசிந்தால், கெட்டியான ஆயிலால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது என்பதால், ஃபில்டர் ரப்பரையும் குழாய் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறிய பிறகு மட்டும் நனைகிறது என்றால், எஞ்சினுக்குள் காற்றழுத்தம் கூடுகிறதா என்பதை அளக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

உள்ளழுத்தத்தை அளத்தல்

பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிதளவு எரிந்த வாயு, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கிராங்க் அறைக்குள் இறங்குவது எல்லா எஞ்சின்களிலும் இயல்பானது. அதை வெளியேற்றுவதற்காகத்தான் பிரீதர் இருக்கிறது. வளையங்கள் தேய்ந்து அந்த வாயு அதிகரித்தாலும், பிரீதரின் உள்ளிருக்கும் கம்பி வலை கரியால் அடைபட்டாலும், வெளியேற வழியில்லாத அழுத்தம் ஆயிலையும் சேர்த்துக்கொண்டு எந்தச் சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியே வெளியே வரும். வெயிட் வால்வு அடைபட்ட குக்கரில் மூடியின் ஓரமாக ஆவி சீறுவதைப் போன்றதுதான் இது. அங்கே ரப்பரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. புதிய சீல் சில காலம் தாங்கும், பிறகு அதுவும் நனையத் தொடங்கும். ஒரே நேரத்தில் பல இடங்களில் ஈரம் தெரியும் எஞ்சினில், ஒவ்வொரு பேக்கிங்கும் தனித்தனியாகக் கெட்டுப்போனது என்று நம்புவதைவிட, எல்லாவற்றையும் ஒரே அழுத்தம் தள்ளுகிறது என்று ஐயப்படுவதே பொருத்தமானது.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நிறமற்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை ‘ப’ வடிவத்தில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதியளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் காற்றுப் புகாதபடி டிப்ஸ்டிக் குழாயில் பொருத்தி, மறுமுனையைத் திறந்து விட்டால் போதும். இரு பக்க நீர்மட்டங்களுக்கும் உள்ள வேறுபாடே அழுத்தம். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐட்லிங் வேகத்திலும், பாரமின்றி உயர்ந்த வேகத்திலும் அளந்து குறித்துக்கொண்டு, அந்த எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் தரும் எல்லையோடு ஒப்பிட வேண்டும். எல்லையைத் தாண்டியிருந்தால், பிரீதரைக் கழற்றிக் கழுவி, அதன் குழாய் மடங்கியோ உட்புறம் உப்பியோ இருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் அளக்க வேண்டும். அழுத்தம் குறைந்துவிட்டால், கசிவுக்கான காரணத்தைச் செலவில்லாமலே கண்டுபிடித்தாயிற்று.

பிரீதர் சுத்தமாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால், உடனே வளையங்களைக் குறை சொல்ல வேண்டாம். வேறு மூன்று பாகங்களும் கிராங்க் அறைக்குள் காற்றைத் தள்ளக்கூடியவை. காற்று பிரேக்குக்கான கம்ப்ரஸரில் வளையம் தேய்ந்திருந்தால், அது அழுத்தும் காற்றின் ஒரு பகுதி ஆயில் திரும்பும் வழியாக எஞ்சினுக்குள் வரும். காற்றுத் தொட்டிகள் நிரம்பிக் கம்ப்ரஸர் பாரமின்றிச் சுழலும் நேரத்தில் நீர்மட்ட வேறுபாடு தெளிவாகக் குறைந்தால், கம்ப்ரஸரே காரணம். வாக்குவம் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில், ஆல்டர்னேட்டரோடு இணைந்த வாக்குவம் பம்ப் தான் இழுக்கும் காற்றை எஞ்சினுக்குள்தான் விடுகிறது; பிரேக் பூஸ்டரிலோ குழாயிலோ ஓட்டை இருந்தால் அந்தக் காற்று இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். தேய்ந்த டர்போவின் சீல் வழியாகவும் காற்று ஆயில் திரும்பும் குழாயில் இறங்கும். இந்த மூன்றையும் விலக்கிய பிறகும் அழுத்தம் அப்படியே இருந்தால்தான், சிலிண்டர்களின் கம்ப்ரஷனை அளந்து வளையங்களைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

பிரீதர் குழாயின் முனை பல பழைய எஞ்சின்களில் சம்ப்பின் அருகே கீழ்நோக்கித் திறந்திருக்கும். அதிலிருந்து விழும் ஆயில் துளிகளைச் சம்ப் பேக்கிங் கசிவு என்று எண்ணிச் சம்ப்பை இறக்கியவர்கள் பலர். அந்த முனையின் அடியில், காற்று தாராளமாக வெளியேறும்படி, ஒரு வாய் அகன்ற குப்பியைத் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தால், சொட்டில் எவ்வளவு அதன் பங்கு என்பது விளங்கிவிடும்.

கழுவிய எஞ்சினில்தான் தேட முடியும்

பல ஆண்டு அழுக்கின் மேல் புதிய கசிவைக் கண்டுபிடிப்பது இயலாத காரியம். எஞ்சின் முழுமையாக ஆறிய பிறகு கழுவ வேண்டும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விழலாம்; சூடான இன்ஜெக்‌ஷன் பம்ப் திடீரெனச் சுருங்கினால் அதன் மிக நுண்ணிய இடைவெளிகள் இறுகிப் பம்ப் பிடித்துக்கொள்ளலாம். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வயர் இணைப்புகள், காற்று உள்ளே போகும் வழி, பிரீதரின் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டு, கெட்டியான அழுக்கை முதலில் சுரண்டி எடுத்து, கிரீஸ் கரைப்பானைத் தூரிகையால் தேய்த்து ஊறவிட்டு, மிதமான அழுத்தத்தில் நீர் விட்டுக் கழுவ வேண்டும். உயர் அழுத்த நீரைச் சீல்களை நோக்கி நேராகப் பீய்ச்சினால், இதுவரை கசியாத சீலும் கசியத் தொடங்கும். பிறகு இண்டு இடுக்குகளில் தேங்கிய நீரைக் காற்றடித்து வெளியேற்றி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, முற்றிலும் உலரவிட வேண்டும்.

உலர்ந்த எஞ்சினை உடனே நெடுந்தூரம் ஓட்டிவிடக் கூடாது. சில நிமிடங்கள் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு பார்ப்பது, பிறகு சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பார்ப்பது, பிறகு பாரத்தோடு ஓட்டிவிட்டுப் பார்ப்பது என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். ஆயில் பரவுவதற்கு முன்பே அதன் பிறப்பிடத்தைப் பிடிப்பதுதான் நோக்கம். ஒரே நாளில் நீண்ட பயணம் போய்வந்தால், கழுவிய உழைப்பு முழுவதும் வீணாகிவிடும்.

கண்ணுக்குப் பிடிபடாத மெல்லிய கசிவுக்கு இரண்டு துணைகள் உண்டு. சந்தேகமுள்ள பகுதியில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி வைத்தால், ஆயில் ஊறும் கோடு அதில் கருமையாகத் தெரியும். செலவு குறைந்த, நல்ல முறை இது, ஆனால் விசிறிக் காற்று நேராக வீசும் முன்பகுதியில் பயன்படாது. மற்றொன்று, புறஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலப்பது. புகைக்கரி நிறைந்த கறுப்பு ஆயிலில் அந்தச் சாயத்தின் ஒளி மங்கிவிடும் என்பதால், டீசல் எஞ்சினில் ஆயிலை மாற்றிய உடனே சாயத்தைச் சேர்க்க வேண்டும். பிறகு இருட்டில், மஞ்சள் கண்ணாடி அணிந்து, புறஊதா விளக்கை மேலிருந்து கீழாகக் கொண்டுவந்தால், ஒளிரும் கோட்டின் உச்சி எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். நான் இரண்டையும் பயன்படுத்தச் சொல்வேன்: பகுதியைக் கண்டறியச் சாயம், புள்ளியைக் கண்டறியப் பவுடர்.

மேலிருந்து கீழாகத் தேடுதல்

முதலில் டாப்பெட் கவர், அதாவது எஞ்சினின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் மூடி. கார்க் பேக்கிங் காலப்போக்கில் வறண்டு சுருங்கிக் கல்லாகிவிடும். அதன் பின்மூலையில் கசியும் ஆயில், கண்ணில் படாமல் எஞ்சினின் பின்சுவரில் இறங்கிப் பெல் ஹவுசிங் வரை போகும். பின்சுவரைப் பார்க்க இடம் இல்லாவிட்டால், நீண்ட கம்பியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி மேலிருந்து கீழாகத் துடைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். மேற்பகுதியிலேயே துணி நனைந்தால், கிராங்க் சீலைப் பற்றிய பேச்சை அத்துடன் தள்ளிவைக்கலாம்.

அடுத்து டர்போ. மேலே ஆயில் வரும் மெல்லிய குழாயின் இணைப்பும், கீழே ஆயில் திரும்பும் தடித்த குழாயின் பேக்கிங்கும், வெப்பத்தால் இறுகிப்போன ரப்பர் இணைப்பும் கசியக்கூடியவை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே நடக்கும் இந்தக் கசிவு தீப்பற்றும் ஆபத்துடையது என்பதால், அளவு சிறிதாக இருந்தாலும் ஒத்திப்போடக் கூடாது. டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாய் இணைப்புகளில் தெரியும் மெல்லிய ஆயில் படலம், பிரீதரின் ஆவி இன்டேக்கோடு இணைக்கப்பட்ட எஞ்சின்களில் ஓரளவு இயல்பானதே; குழாயின் உள்ளே ஆயில் குட்டையாகத் தேங்கியிருந்தால் மட்டும் டர்போவைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்படித் தேங்கிய ஆயிலை எஞ்சின் ஒரேயடியாக உறிஞ்சினால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் எஞ்சின் தறிகெட்டு ஓடும்.

பிளாக்கின் பக்கவாட்டில் பார்க்க வேண்டியவை நிறைய. பிரஷர் சுவிட்ச் பெரும்பாலும் திருகுமரையில் கசிவதில்லை. உள்ளிருக்கும் மென்தகடு கிழிந்து, வயர் செருகும் இடத்தின் வழியே ஆயில் வரும். எனவே வயரைக் கழற்றி உள்ளே நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்டர் மாற்றிய பிறகு தொடங்கிய கசிவு என்றால், பழைய ரப்பர் வளையம் அடித்தளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியது இறுக்கப்பட்டிருக்கலாம். ஆயில் கூலரின் பேக்கிங், காற்று கம்ப்ரஸர் பிளாக்கோடு சேரும் இடம், இன்ஜெக்‌ஷன் பம்பின் ஃபிளாஞ்ச், ஃபீட் பம்பின் அடித்தளம், டிப்ஸ்டிக் குழாய் பிளாக்குக்குள் நுழையும் இடத்து ஓ-ரிங் ஆகிய ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, ஓட்டி, மறுபடி பார்க்க வேண்டும். புஷ் ராடுகள் (வால்வுகளைத் திறக்க உதவும் நீண்ட தண்டுகள்) உள்ள எஞ்சின்களில் பிளாக்கின் பக்கத்தில் ஒரு நீண்ட தகட்டு மூடியும் உண்டு. கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், 12 வால்வு எஞ்சினில் இந்த மூடி இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதன் பேக்கிங்கிலிருந்து வழியும் ஆயில் பிளாக்கின் அடியோரமாகப் பின்னோக்கிப் போய், பின் கிராங்க் சீல் கசிவு போலவே தோன்றும். அதே எஞ்சினின் முன்பக்கக் கியர்களை மூடும் டைமிங் கேஸில் உள்ள சிறு டோவெல் பின் (பாகங்களை நேராக அமர்த்தும் முளை) ஒன்று தளர்ந்து கியர்களுக்குள் விழுந்தால், கேஸ் உடைந்து முன்பக்கம் ஆயில் கொட்டும். தான் கையாளும் எஞ்சினுக்கென்று இப்படி அறியப்பட்ட பலவீனங்கள் என்னென்ன என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

முன்பக்கத்தில் கிராங்க் புல்லியைச் சுற்றி வட்டமாகத் தெறித்த ஆயில் தெரிந்தால், முன் ஆயில் சீலை மாற்ற வேண்டும். டைமிங் கவரின் மேல் விளிம்பிலிருந்து இறங்கும் கோடாக இருந்தால், கவர் பேக்கிங்கையும், ஆயில் அறைக்குள் ஊடுருவி நிற்கும் போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். இத்தகைய போல்ட்டுகளின் மரையில் சீலண்ட் தடவாமல் முறுக்கியிருந்தால், மரை வழியாகவே ஆயில் ஏறி வெளியே வரும். பேக்கிங்கை எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது.

பெல் ஹவுசிங்கிலிருந்து சொட்டினால்

இங்கேதான் அவசர முடிவுகள் அதிகம் எடுக்கப்படுகின்றன. பெல் ஹவுசிங்கின் அடித்துளையிலிருந்து ஆயில் வந்தால் பின் கிராங்க் சீல் போய்விட்டது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே துளைக்கு வந்து சேரும் பாதைகள் பல. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் போன்ற வி வடிவ எஞ்சின்களில், இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கசியும் ஆயிலும் டீசலும் பிளாக்கின் பின்பக்கமாக இறங்கிப் பெல் ஹவுசிங்கிலிருந்தே சொட்டும். அங்கே பின் சீலை மாற்றினால் எதுவும் மாறாது.

கியர்பாக்ஸை இறக்குவது என்று உறுதியான பிறகு, எதையும் துடைக்காமல் முதலில் கறைகளைப் பார்த்துப் படம் எடுத்து வைக்க வேண்டும். துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் சான்று போய்விடும். பிளைவீலின் (கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையிலுள்ள கனமான சக்கரம்) எஞ்சின் பக்கம் நனைந்து, கிளட்ச் பக்கம் காய்ந்திருந்தால், ஆயில் எஞ்சினிலிருந்து வருகிறது. கிளட்ச் ஹவுசிங்கின் உட்புறம் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து நனைந்து, கந்தக நாற்றமும் இருந்தால், கியர்பாக்ஸின் முன் சீல்தான் காரணம். பிளைவீல் போல்ட்டுகளின் தலைகளைச் சுற்றி மட்டும் ஈரம் இருந்தால், சில எஞ்சின்களில் அந்தத் துளைகள் கிராங்க் அறை வரை திறந்திருப்பதால், மரைவழிக் கசிவு என்று கொள்ளலாம். பிளைவீலைக் கழற்றிய பிறகு, சீலுக்கு மேலே உள்ள கேம் ஷாஃப்ட் மூடித் தகட்டையும், ஆயில் பாதைகளை அடைக்கும் பிளக்குகளையும் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். சீலின் மேல்விளிம்புக்கும் மேலே ஈரக்கோடு தொடங்கினால், குற்றவாளி சீல் அல்ல.

சீலே கெட்டிருந்தாலும், அது ஏன் கெட்டது என்ற கேள்விக்கு விடை காணாமல் புதியதைப் பொருத்தக் கூடாது. கிராங்க் ஷாஃப்ட்டின் மேல் சீல் உதடு உரசிய இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தால், பள்ளம் விழுந்திருப்பது தெரியும். புதிய சீல் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் விரைவில் கசியும். பள்ளத்தை மூட மெல்லிய எஃகு ஸ்லீவ் கிடைக்கிறது. எஸ்கேஎஃப் நிறுவனத்தின் ஸ்பீடி ஸ்லீவ் வகையின் தடிமன் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால், அதே அளவு சீலையே அதன் மேல் பொருத்தலாம். ஸ்லீவ் கிடைக்காத இடத்தில், ஆயில் வடியும் துளையை மறைக்காத வகையில், சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ அமர்த்தித் தேயாத பரப்பில் உதட்டைப் படியவைக்கலாம். அத்துடன் டயல் கேஜை வைத்துக் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்பின் அசைவையும் மேல்கீழ் ஆட்டத்தையும் அளந்து, மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். மெயின் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட்டே ஆடும் எஞ்சினில் எந்தச் சீலும் நிலைக்காது. வேலையின் உண்மையான அளவு என்ன என்பதை உரிமையாளரிடம் அப்போதே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

எல்லாம் பார்த்தும் பிடிபடாவிட்டால்

கடைசி ஆயுதம் காற்றழுத்தச் சோதனை. எஞ்சினை நிறுத்திய நிலையில், பிரீதரையும் ஆயில் ஊற்றும் வாயையும் அடைத்து, டிப்ஸ்டிக் குழாய் வழியே ரெகுலேட்டர் வைத்த காற்றைச் செலுத்தி, சோப்பு நீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்தால், குமிழிகள் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். 0.1 பார் அளவில் தொடங்கி, 0.2 பாரைத் தாண்டாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். 0.2 பார் என்பது ஏறத்தாழ 2 மீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். அதற்கு மேல் போனால் நல்ல சீல்களும் இருக்கையை விட்டு வெளியே தள்ளப்பட்டுவிடும். வளையங்களைத் தாண்டியும் டர்போ வழியாகவும் சிறிது காற்று கசியும் ஓசை கேட்பது இயல்பு. அதைக் கண்டு குழம்ப வேண்டாம். வார்ப்பில் உள்ள நுண்துளை, பிளாக்கில் விழுந்த மயிரிழை விரிசல் போன்ற, வேறு எந்த வழியிலும் சிக்காத பழுதுகள் இந்தச் சோதனையில்தான் வெளிப்படும்.

பழுதுபார்க்கும்போது

மூலம் உறுதியான பிறகு செய்யும் வேலையும் சுத்தமாக இருந்தால்தான் பயன் தரும். தகட்டால் ஆன சம்ப், டாப்பெட் கவர் போன்றவற்றில் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு உள்வாங்கியிருக்கும். முந்தைய மெக்கானிக் கசிவை நிறுத்த மேலும் மேலும் முறுக்கியதன் விளைவு அது. நேர்க்கோல் வைத்துப் பார்த்து, தட்டையான இரும்பின் மேல் வைத்துத் தட்டிச் சமப்படுத்திய பிறகே புதிய பேக்கிங்கை வைக்க வேண்டும். இரு பரப்புகளிலும் பழைய பேக்கிங்கின் துணுக்கும் ஆயில் ஈரமும் சிறிதும் இருக்கக் கூடாது. சிலிக்கோன் சீலண்ட் தேவைப்படும் இடத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே தொடர்கோடு போதும். அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கிய துண்டுகள் உடைந்து ஆயில் வடிகட்டியில் போய் அடைத்து, கசிவைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறி, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்.

ஆயில் சீல்களில் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. ரப்பர் உதடுள்ள சீலைப் பொருத்தும்போது உதட்டில் சிறிது ஆயில் தடவ வேண்டும். டெஃப்ளான் உதடுள்ள சீலை, ஷாஃப்ட்டும் உதடும் முற்றிலும் உலர்ந்த நிலையில்தான் பொருத்த வேண்டும். டெஃப்ளானின் மெல்லிய படலம் ஷாஃப்ட்டில் ஏறிப் படிவதன் மூலமே அது அடைப்பு ஏற்படுத்துகிறது, ஆயில் பட்டால் அது படியாது. பழக்கத்தால் ஆயில் தடவி விடுவது, புதிய சீல் முதல் நாளிலேயே கசிவதற்கு ஒரு முக்கியக் காரணம். டிரெயின் பிளக்கின் செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது. ஆயில் குழாய்களின் பாஞ்சோ போல்ட் (நடுவே ஆயில் பாயும் துளையுள்ள போல்ட்) வாஷர்களுக்கும் இதுவே பொருந்தும். கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் ஆயில் கலவைகள் ரப்பரை உப்பச் செய்து சில காலம் ஈரத்தைக் குறைக்கும். கிழிந்த சீலையோ, பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டையோ, அடைபட்ட பிரீதரையோ அவை சரிசெய்யா.

வேலை முடிந்ததும் எஞ்சினைச் சூடேற்றி, ஆறவிட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, மேனுவல் அனுமதிக்கும் இடங்களில் போல்ட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பிறகு முதல் சில பயணங்களுக்கு ஒவ்வொரு முறையும் வெள்ளை அட்டையை விரித்து, டிப்ஸ்டிக் அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி வைக்க வேண்டும். பழைய எஞ்சினில் ஒரு பேக்கிங்கின் ஓரத்தில் சொட்டாகத் திரளாத மெல்லிய ஈரம் எஞ்சியிருந்தால், அதைத் துடைத்து, கண்காணித்துக்கொண்டு, அடுத்த பெரிய வேலையின்போது பார்த்துக்கொள்ளலாம். எக்ஸாஸ்ட்டின் மேலோ, கிளட்ச் தட்டிலோ, ரப்பர் குழாய்களிலோ, விசிறி பெல்ட்டிலோ ஆயில் படும் கசிவு என்றால், அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், வண்டியைப் பாரத்துக்கு அனுப்பும் முன்பே சரிசெய்துவிட வேண்டும்.